ஐட்ரிபிள்ஈ மாநாட்டுக்கு ஆய்வுக் கட்டுரையை வடிவமைப்பது எப்படி: டெம்ப்ளேட் முதல் கேமரா ரெடி வரை

மின், மின்னணுப் பொறியாளர்களின் உலகளாவிய அமைப்பான ஐட்ரிபிள்ஈயின் (IEEE) மாநாட்டுக்கு அனுப்பும் கட்டுரையின் தோற்றத்தில் நாமாக முடிவு செய்ய வேண்டியது மிகக் குறைவு. எழுத்தின் அளவு, பக்கத்தில் உள்ள நெடுவரிசையின் அகலம், படத்தின் தலைப்பு எங்கே வர வேண்டும், மேற்கோளில் கமா எங்கே விழ வேண்டும் என எல்லாம் ஏற்கனவே முடிவாகிவிட்டவை. அப்படியிருந்தும் கெடுவுக்கு முந்தைய இரவு முழுக்க வடிவமைப்போடு மல்லுக்கட்டும் ஆய்வு மாணவர்கள் எல்லாக் கல்லூரிகளிலும் இருக்கிறார்கள். பெரும்பாலும் ஒரே காரணம்தான். முழுக் கட்டுரையையும் சாதாரண வேர்டு கோப்பில் எழுதிவிட்டு, கடைசியில் டெம்ப்ளேட்டுக்குள் கொண்டுபோய் ஒட்டுகிறார்கள். பத்துப் பக்கம் இருந்தது ஏழாகிறது, வரம்போ ஆறு. படங்கள் நெடுவரிசைக்குள் அடங்காமல் வழிகின்றன, சமன்பாடுகள் உடைகின்றன.

முதல் வரியையே டெம்ப்ளேட்டுக்குள் எழுதுங்கள், அதன் அமைப்புகளைக் கைவைத்து மாற்றாதீர்கள். நான் சொல்ல வருவது அடிப்படையில் இவ்வளவுதான். கீழே வருபவை எல்லாம் அதை எப்படிச் செய்வது என்ற விவரங்கள்.

எழுதத் தொடங்கும் முன்: அழைப்பை முழுதாகப் படியுங்கள்

மாநாட்டின் இணையதளத்தில் கட்டுரைகளுக்கான அழைப்பு ஒன்றும், ஆசிரியர்களுக்கான விதிமுறைகள் ஒன்றும் தனித்தனியாக இருக்கும். இரண்டையும் படித்து ஐந்து விஷயங்களை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள்: பக்க வரம்பு, தாளின் அளவு, ஆசிரியர் பெயரை மறைக்க வேண்டுமா இல்லையா, எந்தத் தளத்தில் பதிவேற்றுவது, கெடு எந்த நேர மண்டலத்தில்.

பக்க வரம்பில் கவனம் தேவை. ஆறு பக்கம் என்றால் பல மாநாடுகளில் மேற்கோள் பட்டியலும் படங்களும் அதற்குள் அடக்கம். சில மாநாடுகள் மேற்கோள்களைக் கணக்கில் சேர்ப்பதில்லை. சில, கூடுதல் பக்கத்துக்குக் கட்டணம் வாங்கிக்கொண்டு அனுமதிக்கும். ஆனால் அந்த அனுமதி பெரும்பாலும் கட்டுரை ஏற்கப்பட்ட பிறகான இறுதிப் பதிப்புக்கு மட்டும்தான், மதிப்பாய்வுக்கு அனுப்பும் பதிப்புக்கு அல்ல.

கெடு நேரத்துக்குப் பக்கத்தில் 'ஏ ஓ ஈ' என்று போட்டிருந்தால் பயப்பட வேண்டாம், அது நமக்குச் சாதகம். உலகில் எந்த மூலையிலாவது அந்தத் தேதி இன்னும் முடியாமல் இருந்தால் கெடு முடியவில்லை என்று கணக்கு. அன்றைய இரவு 11:59 என்பது இந்தியாவிலும் இலங்கையிலும் மறுநாள் மாலை 5:29. ஆனால் எடாஸ், ஈசிசேர், மைக்ரோசாஃப்ட் சிஎம்டி போன்ற தளங்களில் தலைப்பு, சுருக்கம், எல்லா ஆசிரியர்களின் மின்னஞ்சல் ஆகியவற்றை முதலில் தட்டச்சு செய்து பதிந்தால்தான் கோப்பை ஏற்ற முடியும். அந்தப் பதிவை ஒரு வாரம் முன்பே செய்துவிடுங்கள். கடைசி நேரத்தில் இணை ஆசிரியர் ஒருவரின் மின்னஞ்சல் முகவரியைத் தேடி அலைய வேண்டியிருக்காது.

டெம்ப்ளேட்: எங்கிருந்து எடுப்பது, எதை எடுப்பது

சீனியர் கொடுத்த கோப்பை எடுக்காதீர்கள். அது எத்தனை கைகள் மாறி வந்ததோ, யார் எந்த இடைவெளியை மாற்றிவைத்தார்களோ தெரியாது. ஐட்ரிபிள்ஈ தன் தளத்திலேயே மாநாட்டுக் கட்டுரைகளுக்கான டெம்ப்ளேட்டை இலவசமாகத் தருகிறது. கட்டளைகளால் ஆவணத்தை வடிவமைக்கும் லேடெக்கில் எழுதுபவர்களுக்கு, அதற்கான இணையதளமான ஓவர்லீஃபிலும் அதே டெம்ப்ளேட் கிடைக்கும்.

வேர்டுக்கு இரண்டு கோப்புகள் உண்டு: ஒன்று அமெரிக்க லெட்டர் தாளுக்கு, இன்னொன்று ஏ4-க்கு. லெட்டர் தாள் 215.9 மில்லிமீட்டர் அகலம், 279.4 மில்லிமீட்டர் உயரம். ஏ4 அகலத்தில் கொஞ்சம் குறைவு, 210 மி.மீ., உயரத்தில் கூடுதல், 297 மி.மீ. நம் ஊர்க் கணினிகளும் பிரின்டர்களும் ஏ4-க்கே பழகியவை என்பதால், லெட்டர் கேட்ட மாநாட்டுக்கு ஏ4-இல் அனுப்பிவிடுவது சர்வசாதாரணம். தாளின் அளவை மட்டும் பின்னால் மாற்றினால் ஓரங்கள் குலைந்துவிடும். எனவே மாநாடு கேட்கும் தாளுக்கான கோப்பையே தொடக்கத்தில் எடுங்கள்.

வேர்டா, லேடெக்கா? சமன்பாடுகள் நிறைய இருந்தால் லேடெக். மேற்கோள்கள் இருபதைத் தாண்டினாலும் லேடெக். ஆனால் உங்கள் கைடு வேர்டில்தான் திருத்திக் கொடுப்பார் என்றால், அவர் வழிக்குப் போவதுதான் புத்திசாலித்தனம். திருத்தங்களை வேர்டிலிருந்து லேடெக்குக்கு மாற்றி எழுதும்போது ஒரு வாக்கியமாவது விட்டுப்போகும். வேர்டிலும் ஒழுங்கான கட்டுரை செய்ய முடியும், அதன் ஸ்டைல்களைப் பயன்படுத்தத் தெரிந்திருந்தால்.

ஸ்டைல் என்று நான் சொல்வது வேர்டின் மேல்பட்டையில் இருக்கும் அந்தப் பட்டியலை. தலைப்பு, ஆசிரியர், சுருக்கம், பிரிவுத் தலைப்பு, உடல்பகுதி, படத்தலைப்பு, அட்டவணைத் தலைப்பு, மேற்கோள் என ஒவ்வொன்றுக்கும் டெம்ப்ளேட்டில் ஒரு ஸ்டைல் தயாராக இருக்கிறது. பத்தியில் கர்சரை வைத்து உரிய ஸ்டைலைச் சொடுக்கினால் போதும், அளவும் இடைவெளியும் எண்ணும் தானாக வந்துவிடும். எழுத்தைத் தேர்ந்தெடுத்து அளவை 10 என்று கையால் மாற்றுவது, என்டர் தட்டித் தட்டி இடைவெளி விடுவது இரண்டையும் அடியோடு விட்டுவிடுங்கள். வேறொரு கோப்பிலிருந்து ஒட்டும்போது 'எழுத்தை மட்டும் ஒட்டு' என்ற தேர்வைப் பயன்படுத்துங்கள். இல்லையென்றால் அந்தக் கோப்பின் ஸ்டைல்களும் கூடவே உள்ளே வந்து குடியேறிவிடும்.

லேடெக்கில் ஐட்ரிபிள்ஈடிரான் என்ற கிளாஸ் கோப்பே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறது. அதில் 'கான்ஃபரன்ஸ்' என்ற தேர்வு கொடுக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாவிட்டால் ஆய்விதழ் வடிவம் வந்துவிடும். ஓரங்களை மாற்றும் ஜியாமெட்ரி பேக்கேஜைச் சேர்க்காதீர்கள். இடத்தை மிச்சம் பிடிக்க எதிர்மறை இடைவெளிக் கட்டளைகளை அங்கங்கே செருகுவதும் வேண்டாம். வாசித்துப் பழகிய மதிப்பாய்வாளர் நெருக்கிப் பிடித்த பக்கத்தைப் பார்த்தவுடன் கண்டுபிடித்துவிடுவார். இடம் போதவில்லை என்றால் வாக்கியத்தைத்தான் குறைக்க வேண்டும்.

தலைப்பும் பெயர்களும்

கட்டுரைத் தலைப்பு 24 புள்ளி (பாயின்ட்) அளவில் வரும். அதில் சமன்பாடு, சிறப்புக் குறியீடு, அடிக்குறிப்பு எதுவும் கூடாது என்று டெம்ப்ளேட்டே எச்சரிக்கிறது. சுருக்கத்துக்கும் அதே விதி. தேடுபொறிகளுக்கும் தரவுத்தளங்களுக்கும் இந்த இரண்டும் வெறும் எழுத்தாகப் போகின்றன, குறியீடுகள் அங்கே சிதைந்துவிடும்.

ஆசிரியர் பெயர்களை டெம்ப்ளேட் காட்டும் கட்டங்களில், இடமிருந்து வலமாக நிரப்புங்கள். முதலில் பெயர், அப்புறம் துறை, நிறுவனம், ஊர், நாடு, மின்னஞ்சல் அல்லது ஆர்கிட் எண் (ஆய்வாளருக்கான அடையாள எண்). முனைவர், பேராசிரியர் போன்ற பட்டங்களும் பதவிகளும் பெயரோடு வரக்கூடாது.

தமிழர்கள் தனியாகக் கவனிக்க வேண்டியது முதலெழுத்து. டெம்ப்ளேட் கேட்பது இயற்பெயரும் குடும்பப் பெயரும். நமக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று பெரும்பாலும் கிடையாது, தந்தை பெயரின் முதலெழுத்துதான். குமரன் என்பவர் தன் பெயரைக் 'குமரன் ஆர்' என்று எழுதினால் தரவுத்தளம் கடைசியில் இருக்கும் 'ஆர்' என்பதைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொள்ளும். அவரை மேற்கோள் காட்டுபவர்களின் பட்டியலில் அவர் 'கே. ஆர்' ஆகிவிடுவார். பெயரே காணாமல் போய்விடும். 'ஆர். குமரன்' என்று எழுதினால் சிக்கல் இல்லை. தந்தை பெயரை விரித்து எழுதுவதும் சரிதான், ஆனால் அப்போது எந்தப் பெயர் கடைசியில் வருகிறதோ அந்தப் பெயரால்தான் உலகம் உங்களை அழைக்கும். எதுவானாலும் முதல் கட்டுரையிலேயே முடிவு செய்து, பிறகு எல்லாக் கட்டுரைகளிலும் அதே வடிவத்தைக் கடைப்பிடியுங்கள். பதினாறு இலக்க ஆர்கிட் எண்ணையும் இப்போதே இலவசமாகப் பெற்றுக்கொள்ளுங்கள். ஒரே முதலெழுத்தும் ஒரே பெயரும் கொண்டவர்கள் நம்மில் ஏராளம், அவர்களுடைய கட்டுரைகளிலிருந்து உங்களுடையதைப் பிரித்துக்காட்ட அந்த எண் உதவும்.

சுருக்கம்

ஒரே பத்தி, 150 முதல் 250 சொற்கள். மேற்கோள் எண், விளக்கப்படாத சுருக்கப்பெயர், சமன்பாடு எதுவும் வேண்டாம். எழுத்து 9 புள்ளியில் தடித்து வரும், அதை ஸ்டைலே செய்துவிடும். அடியில் மூன்று முதல் ஐந்து குறிச்சொற்கள். தலைப்பில் ஏற்கனவே இருக்கும் சொற்களையே திருப்பிப் போடாமல், உங்கள் துறைக்காரர் தேடும்போது தட்டச்சு செய்யக்கூடிய வேறு சொற்களைக் கொடுங்கள்.

உடல்பகுதி, சமன்பாடு, அலகு

உடல்பகுதி 10 புள்ளி, டைம்ஸ் எழுத்துரு, பக்கத்துக்கு இரண்டு நெடுவரிசைகள். முதல்நிலைத் தலைப்புகள் ரோமன் எண்ணோடு நடுவில் வரும். இரண்டாம் நிலைக்கு ஆங்கில எழுத்துகள், சாய்வெழுத்தில். நன்றியுரைக்கும் மேற்கோள் பட்டியலுக்கும் எண் கிடையாது. ஒரு பிரிவுக்குள் ஒரே ஒரு துணைத்தலைப்பு மட்டும் இருந்தால் அந்தத் துணைத்தலைப்பே தேவையில்லை என்று பொருள்.

சமன்பாட்டின் எண் அடைப்புக்குறிக்குள், வலது ஓரத்தில். வாக்கியத்தின் நடுவில் குறிப்பிடும்போது வெறும் (1) போதும். வாக்கியமே அதில் தொடங்கினால் மட்டும் 'சமன்பாடு' என்பதற்கான ஆங்கிலச் சொல்லை முழுதாக எழுதி எண்ணைப் போட வேண்டும். மாறிகள் சாய்வெழுத்தில் வரும், பத்திக்குள் எழுதும்போதும் அப்படியே. சமன்பாட்டில் சாய்வாகவும் கீழே விளக்கத்தில் நேராகவும் இருந்தால் வாசிப்பவருக்கு அவை இரண்டு வேறு மாறிகளாகத் தெரியும். சமன்பாட்டை ஸ்க்ரீன்ஷாட் எடுத்துப் படமாக ஒட்டுவது கூடவே கூடாது.

அலகுகளுக்கு எஸ்ஐ எனும் சர்வதேச அலகு முறை. தசமப் புள்ளிக்கு முன்னால் சுழியம் வேண்டும், 0.25 என்று எழுதுங்கள். எண்ணுக்கும் அலகுக்கும் நடுவில் ஓர் இடைவெளி, அந்த இடைவெளியில் வரி உடைந்துவிடாதபடி பிணைத்து வையுங்கள்.

படங்கள்: அதிக நேரம் ஒதுக்க வேண்டிய இடம்

மதிப்பாய்வாளர் தலைப்பைப் படித்தவுடன் போவது பெரும்பாலும் படங்களுக்குத்தான். வடிவமைப்பில் அதிகம் கெட்டுப்போவதும் படங்கள்தான்.

ஒரு நெடுவரிசையின் அகலம் 3.5 அங்குலம், அதாவது 88.9 மில்லிமீட்டர். இரண்டு நெடுவரிசைகளையும் அடைக்கும் படத்துக்கு 7.16 அங்குலம். வரைபடத்தை வரையும்போதே இந்த அகலத்தில் வரையுங்கள். பெரிதாக வரைந்து பின்னால் சுருக்கினால் அச்சுகளில் உள்ள எண்களும் சேர்ந்து சுருங்கி எறும்பு அளவுக்கு வந்துவிடும். பைத்தானில் வரைபடம் வரைய உதவும் மேட்பிளாட்லிபில் படத்தின் அளவை 3.5-க்கு 2.5 அங்குலம் என்று கொடுத்து, எழுத்தை 8 புள்ளி என்று வைத்தால், கட்டுரையில் ஏறும்போது அப்படியே 8 புள்ளியாக நிற்கும். மேட்லாபிலும் இதையே செய்யலாம்.

கோட்டு வரைபடம், தொகுதி வரைபடம், பாய்வு வரைபடம் ஆகிய மூன்றும் வெக்டர் வடிவில் இருக்கட்டும். லேடெக்குக்கு பிடிஎஃப், வேர்டுக்கு இஎம்எஃப் அல்லது எஸ்விஜி. வெக்டரை எத்தனை மடங்கு பெரிதாக்கினாலும் கோடு மங்காது. வெக்டர் சாத்தியமில்லை என்றால் கோட்டுப் படத்துக்கு அங்குலத்துக்கு 600 புள்ளிகள், புகைப்படத்துக்கு 300. ஒரு நெடுவரிசை அகலப் புகைப்படத்துக்குக் கணக்குப் போட்டால் 1050 பிக்சல் அகலம் வேண்டும். வாட்ஸ்அப்பில் வந்த புகைப்படம் அழுத்தப்பட்டே வந்திருக்கும், எடுத்தவரிடம் மூலக் கோப்பைக் கேட்டு வாங்குங்கள்.

வேர்டில் ஒரு மறைவான சிக்கல் இருக்கிறது. கோப்பைச் சேமிக்கும்போது வேர்டு தானாகவே படங்களை அழுத்திவிடும். ஆப்ஷன்ஸுக்குள் அட்வான்ஸ்டு பகுதியில் 'இந்தக் கோப்பில் படங்களை அழுத்தாதே' என்ற தேர்வு இருக்கிறது. படங்களைச் சேர்க்கும் முன்பே அதை டிக் செய்துவிடுங்கள். அழுத்திய பிறகு டிக் செய்து பயனில்லை, படங்களை மறுபடி சேர்க்க வேண்டியிருக்கும்.

மேட்பிளாட்லிபில் வரைபவர்களுக்கு இன்னொன்று. அது உருவாக்கும் பிடிஎஃபில் எழுத்துருக்கள் இயல்பாக 'டைப் 3' வகையில் பதியும். பல மாநாடுகளின் சோதனையில் அந்த வகை தோற்றுப்போகும். எழுத்துரு வகைக்கான அமைப்பை 3-இலிருந்து 42-க்கு மாற்றினால் ட்ரூடைப்பாகப் பதியும். நிரலின் மேலே ஒரே ஒரு வரிதான், ஆனால் இதைத் தெரியாமல் கடைசி நாளில் எல்லா வரைபடங்களையும் மறுபடி ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் உண்டு.

அச்சுகளில் அலகு மட்டும் போடாதீர்கள், எதை அளந்தீர்கள் என்ற சொல்லையும் எழுதுங்கள். கோடுகளை நிறத்தால் மட்டும் பிரிக்காதீர்கள். ஒன்று நேர்கோடு, ஒன்று புள்ளிக்கோடு, ஒன்றுக்கு வட்டக் குறி என்று வையுங்கள். கருப்பு வெள்ளையில் அச்செடுத்துப் படிப்பவருக்கும், நிறங்களைப் பிரித்தறிய முடியாதவருக்கும் உங்கள் முடிவு புரிய வேண்டும்.

படத்தின் தலைப்பு படத்துக்குக் கீழே, 8 புள்ளியில். படங்களை நெடுவரிசையின் உச்சியிலோ அடியிலோ வையுங்கள், நடுவில் வேண்டாம். ஒவ்வொரு படமும் அது வருவதற்கு முன்பே உரையில் குறிப்பிடப்பட்டிருக்க வேண்டும். லேடெக்கில் லேபிள் கட்டளை தலைப்புக் கட்டளைக்குப் பின்னால்தான் வர வேண்டும். முன்னால் போட்டால் படத்தின் எண்ணுக்குப் பதில் பிரிவின் எண் வந்து நிற்கும், பிழைச்செய்தி எதுவும் வராது.

அட்டவணைகள்

அட்டவணைக்குத் தலைப்பு மேலே, ரோமன் எண்ணில். நெடுங்கோடுகள் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. தசமப் புள்ளிகள் ஒரே நேர்கோட்டில் நிற்கட்டும், ஒரே நெடுவரிசையில் ஓர் எண்ணுக்கு இரண்டு தசமம், இன்னொன்றுக்கு நான்கு என்று வேண்டாம். அட்டவணையையும் படமாக ஒட்டாதீர்கள்.

மேற்கோள் பட்டியல்

எண்கள் சதுர அடைப்புக்குறிக்குள், உரையில் முதலில் வரும் வரிசையில். முற்றுப்புள்ளியும் கமாவும் அடைப்புக்குறிக்குப் பின்னால். ஆசிரியர்கள் ஆறு பேரோ அதற்கு மேலோ இருந்தால் மட்டுமே முதல் பெயரோடு நிறுத்தி 'மற்றும் பிறர்' என்று பொருள்படும் லத்தீன் சுருக்கத்தைப் போடலாம். இல்லையென்றால் எல்லோர் பெயரும் வேண்டும். பெயரில் முதலெழுத்துகள் முன்னால், கட்டுரைத் தலைப்பு இரட்டை மேற்கோள் குறிக்குள், அதில் முதல் சொல்லும் சிறப்புப் பெயர்களும் மட்டும் பெரிய எழுத்தில் தொடங்கும். ஆய்விதழின் பெயர் சாய்வெழுத்தில், சுருக்கிய வடிவில். அப்புறம் தொகுதி, இதழ், பக்கங்கள், மாதம், ஆண்டு.

லேடெக்கில் மேற்கோள் பட்டியலை உருவாக்கும் கருவியான பிப்டெக்குக்கு ஐட்ரிபிள்ஈடிரான் ஸ்டைலைக் கொடுத்தால் இந்த வரிசை எல்லாம் தானாக வரும். ஆனால் உள்ளே போகும் தரவு சரியாக இருந்தால்தான் வெளியே வருவதும் சரியாக இருக்கும். கூகுள் ஸ்காலரிலிருந்து அப்படியே நகலெடுக்கும் பிப்டெக் பதிவுகளில் மாதம் இருக்காது, மாநாட்டின் பெயர் அரைகுறையாக இருக்கும். ஆர்க்கைவ் (arXiv) என்ற முன்பதிப்புத் தளத்தின் பதிப்பைக் காட்டும், அதே கட்டுரை மாநாட்டில் வெளிவந்திருந்தாலும். தலைப்பில் உள்ள சுருக்கப்பெயர்களும் சிறப்புப் பெயர்களும் பிப்டெக்கில் சிறிய எழுத்தாக மாறிவிடும், அவற்றை நெளிவு அடைப்புக்குறிக்குள் வைத்தால் காப்பாற்றலாம். பதிப்பகத்தின் பக்கத்திலிருந்தே பதிவை எடுத்து, ஒவ்வொன்றையும் கண்ணால் ஒருமுறை பார்ப்பது நல்லது. முதலெழுத்தைப் பின்னால் போட்டு எழுதும் தமிழ் ஆசிரியர்களின் பெயர்கள் இங்கேதான் திரிகின்றன. பெயர், கமா, முதலெழுத்து என்ற வரிசையில் பிப்டெக்கில் கொடுத்தால் சரியாக வரும். அடுத்தவர் பெயரைச் சரியாக எழுதுவதை நான் மரியாதை சம்பந்தப்பட்ட விஷயமாகவே பார்க்கிறேன்.

டெம்ப்ளேட்டின் மாதிரி மேற்கோள்களை நீக்கிவிட்டீர்களா என்று கட்டாயம் பாருங்கள். அதில் மின்காந்தவியல் பற்றி மாக்ஸ்வெல் எழுதிய நூலின் 1892 பதிப்பு ஒரு மாதிரியாக இருக்கிறது. இயந்திரக் கற்றல் பற்றிய உங்கள் கட்டுரையின் கடைசிப் பக்கத்தில் அது உட்கார்ந்திருந்தால், நீங்கள் கட்டுரையைக் கடைசியாக ஒருமுறைகூடப் படிக்கவில்லை என்று மதிப்பாய்வாளர் முடிவு செய்துவிடுவார். முதல் பக்க அடியில் 'நிதி அளித்த நிறுவனத்தை இங்கே குறிப்பிடவும், இல்லையென்றால் இதை நீக்கவும்' என்று ஆங்கிலத்தில் ஒரு வரி இருக்கும். அதையும் நீக்குங்கள்.

கட்டுரைக்குள் தமிழ் எழுத்து வர வேண்டியிருந்தால்

தமிழ்க் கணிமையில் ஆய்வு செய்பவர்களுக்கு இது தேவைப்படும். கட்டுரை ஆங்கிலத்தில் இருந்தாலும் எடுத்துக்காட்டுகள் தமிழில் வேண்டும். பிடிஎஃப்லேடெக் தமிழ் எழுத்துகளைச் சரியாகக் கோக்காது. 'கொ' போன்ற எழுத்தில் உயிர்க்குறி மெய்யின் இருபுறமும் பிரிந்து நிற்க வேண்டும், அதற்கான வடிவமைப்பு வசதி அதில் இல்லை. ஸீலேடெக் அல்லது லுவாலேடெக்குக்கு மாறி, ஃபான்ட்ஸ்பெக் பேக்கேஜில் தமிழ் எழுத்துமுறை என்று குறிப்பிட்டு, நோட்டோ செரிஃப் தமிழ் போன்ற யூனிகோட் எழுத்துருவைக் கொடுங்கள். லுவாலேடெக் என்றால் எழுத்துகளைக் கோக்கும் கருவியாக ஹார்ஃப்பஸ்ஸைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இப்படி மாறும்போது ஆங்கில எழுத்துரு டைம்ஸிலிருந்து லேட்டின் மாடர்னுக்கு மாறிவிடும் என்பதை மறக்காதீர்கள். டைம்ஸை ஒத்த டெக்ஸ் கைர் டெர்மிஸ் எழுத்துருவைக் கூடவே குறிப்பிட வேண்டும்.

நாலைந்து சொற்கள்தான் என்றால், அவற்றை ஓர் அட்டவணையாக இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் வரைந்து வெக்டர் பிடிஎஃபாகச் சேர்ப்பது எளிது. அட்டவணையைப் படமாக ஒட்டக்கூடாது என்று மேலே சொன்னதற்கு இது ஒன்றுதான் விலக்கு. தமிழ்ச் சொற்கள் நிறைய வந்தால் ஸீலேடெக்கே சரியான வழி. வேர்டில் இந்தத் தொல்லை இல்லை, விண்டோஸின் நிர்மலா யூஐ எழுத்துருவே போதும்.

பெயர் மறைத்த மதிப்பாய்வு என்றால்

ஆசிரியர் பெயர்களை மட்டும் அழித்தால் போதாது. நன்றியுரை, நிதியுதவி எண், கிட்ஹப் இணைப்பு எல்லாம் உங்களைக் காட்டிக்கொடுக்கும். 'எங்கள் முந்தைய ஆய்வில் [4]' என்று எழுதாமல், அந்த ஆய்வை வேறு யாரோ செய்தது போலப் படர்க்கையில் எழுதுங்கள். மேற்கோளையே நீக்குவது தவறு, நீக்கினால் இன்னும் சந்தேகம் வரும். படங்களில் கல்லூரியின் பெயர்ப்பலகையோ ஆய்வகத்தின் பெயரோ தெரிகிறதா என்று பாருங்கள். கோப்பின் பண்புகளிலும் உங்கள் பெயர் இருக்கும். வேர்டில் 'இன்ஸ்பெக்ட் டாகுமென்ட்' மூலம் நீக்கலாம், பிடிஎஃப் ஆன பிறகு அதன் பண்புகளைத் திறந்து மறுபடி பாருங்கள்.

பிடிஎஃப் செய்து சோதிப்பது

வேர்டில் பிடிஎஃபாகச் சேமிக்கும்போது குறைந்த அளவு என்பதைத் தேர்ந்தெடுக்காமல் ஸ்டாண்டர்டு என்பதையே வைத்துக்கொள்ளுங்கள். ஆப்ஷன்ஸில் பிடிஎஃப்/ஏ என்ற தேர்வை டிக் செய்தால் எழுத்துருக்கள் உள்ளேயே பதிந்துவிடும். பதிந்தனவா என்று பார்க்க, அடோபி ரீடரில் பண்புகளைத் திறந்து எழுத்துருப் பட்டியலைப் பாருங்கள். ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் 'எம்பெடட்' அல்லது 'எம்பெடட் சப்செட்' என்று இருக்க வேண்டும். ஒன்றில் இல்லாவிட்டாலும் கோப்பு தோற்கும். குற்றவாளி பெரும்பாலும் ஏதாவது ஒரு படத்துக்குள் இருக்கும் ஏரியல் எழுத்துருதான். லினக்ஸில் பிடிஎஃப்ஃபான்ட்ஸ் என்ற கட்டளை இதே பட்டியலைத் தரும், டைப் 3 இருந்தால் அதையும் காட்டும்.

பக்க எண், மேற்குறிப்பு, அடிக்குறிப்புப் பட்டை எதுவும் ஐட்ரிபிள்ஈ மாநாட்டுக் கட்டுரையில் இருக்கக்கூடாது, அவற்றைத் தொகுப்பவர்கள் சேர்ப்பார்கள். கோப்புக்குக் கடவுச்சொல் பூட்டும் கூடாது.

பிறகு ஒருமுறை தாளில் அச்செடுங்கள். திரையில் பெரிதாக்கிப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, 8 புள்ளி எழுத்து உண்மையில் எவ்வளவு சிறியது என்பது தாளில்தான் தெரியும். கைடிடமும் அந்தத் தாளைக் கொடுங்கள். நம் கைடுகள் பலர் பேனாவோடு படித்தால்தான் நிறையத் திருத்துவார்கள்.

ஐட்ரிபிள்ஈ மாநாடுகளில் கட்டுரைகள் ஒப்புமைச் சோதனைக்கும் உட்படும். சொந்தக் கட்டுரையிலிருந்து எடுத்த பத்திகளும் அதில் ஒப்புமையாகவே கணக்காகும். செயற்கை நுண்ணறிவுக் கருவியால் உரை, படம் அல்லது நிரல் உருவாக்கியிருந்தால் அதை நன்றியுரையில் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்பது ஐட்ரிபிள்ஈயின் விதி.

ஏற்கப்பட்ட பிறகு: கேமரா ரெடி

கேமரா ரெடி என்பது வெளியீட்டுக்குத் தயாரான இறுதிப் பதிப்பு. ஏற்பு மின்னஞ்சல் வந்ததும் மதிப்பாய்வாளர்களின் குறிப்புகளை ஒவ்வொன்றாகத் திருத்தி, மறைத்த பெயர்களைத் திரும்பச் சேருங்கள். பெயர்களின் வரிசையும் எண்ணிக்கையும் பதிவு செய்தபோது கொடுத்ததாகவே இருக்க வேண்டும். இந்தக் கட்டத்தில் புதிதாக ஒருவர் பெயரைச் சேர்ப்பதைப் பல மாநாடுகள் அனுமதிப்பதில்லை. யார் யார் ஆசிரியர்கள் என்ற பேச்சை முதல் சமர்ப்பிப்புக்கு முன்பே முடித்துவிடுங்கள்.

முதல் பக்கத்தின் கீழ் இடது ஓரத்தில் பதிப்புரிமை வரியைச் சேர்க்கச் சொல்வார்கள். மாநாடு அனுப்பும் வரியை எழுத்து மாறாமல் அப்படியே போடுங்கள். பதிப்புரிமைப் படிவத்தை இணையத்திலேயே நிரப்பலாம். அதில் கொடுக்கும் தலைப்பும் கட்டுரையின் தலைப்பும் ஒரு கமாகூட மாறாமல் இருக்க வேண்டும்.

அடுத்தது பிடிஎஃப் எக்ஸ்பிரஸ், ஐட்ரிபிள்ஈயின் பிடிஎஃப் சோதனைத் தளம். மாநாடு தரும் அடையாளக் குறியீட்டைக் கொடுத்துக் கணக்குத் தொடங்கி, உங்கள் பிடிஎஃபைச் சோதனைக்கு ஏற்றலாம், அல்லது மூலக் கோப்பைக் கொடுத்து மாற்றித் தரச் சொல்லலாம். எழுத்துருக்கள் பதிந்துள்ளனவா, பூட்டு உண்டா என்று அது பார்த்துச் சொல்லும். புக்மார்க்குகளும் இணைப்புகளும் இருந்து அதனால் தோற்றால், லேடெக்கில் அவற்றை உருவாக்கும் ஹைப்பர்ரெஃப் பேக்கேஜை எடுத்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள். அது பார்ப்பது கோப்பின் தொழில்நுட்பத்தை மட்டும்தான். பக்க வரம்பு மீறியிருந்தாலோ மேற்கோள் வடிவம் தவறாக இருந்தாலோ அதற்குத் தெரியாது. எனவே தேர்ச்சி என்று மின்னஞ்சல் வந்ததோடு நிம்மதியாகிவிடாதீர்கள்.

தேர்ச்சி பெற்ற அந்தக் கோப்பையே இறக்கி, அதையே மாநாட்டுத் தளத்தில் ஏற்ற வேண்டும். பிடிஎஃப் எக்ஸ்பிரஸில் ஏற்றியதோடு கட்டுரை மாநாட்டுக்குப் போய்விட்டது என்று நினைத்துக் கெடுவைத் தவறவிடுபவர்கள் இருக்கிறார்கள். இரண்டும் வேறு வேறு தளங்கள். ஏற்றி முடித்ததும் அதே தளத்திலிருந்து கோப்பைத் திரும்ப இறக்கித் திறந்து, முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் எல்லாப் படங்களையும் பாருங்கள். சரியாக இருந்தால் ஆசிரியர்களில் ஒருவரின் பெயரில் பதிவுக் கட்டணத்தைக் கட்டிவிட்டு, மாநாட்டில் யார் வாசிக்கப் போகிறார்கள் என்பதையும் உறுதிசெய்யுங்கள். யாரும் வந்து வாசிக்காத கட்டுரையை ஐட்ரிபிள்ஈயின் இணைய நூலகமான எக்ஸ்ப்ளோர் தளத்தில் சேர்க்காமல் விட ஏற்பாட்டாளர்களுக்கு உரிமை உண்டு.